மறுவீட்டில் விண்டோஸ் செவன்

கம்ப்யூட்டர் வெகுநேரமாக 'வெல்கம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னதோடு சரி, உள்ளே விடுகிற வழியைக் காணோம்.

"எப்படி வரவேற்குது பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்றார் தேவானந்தம். "நிதானமான மெஷின். அவசரமே படாது."

"ஆமா மாமா," என்றான் ஆஸ்டின். "நிதானம்தான் முக்கியம்."

மாமனாரிடம் வேறு என்ன சொல்ல முடியும்? சாயங்காலம் நாலு மணிக்கு அவனுக்கு இன்டர்வியூ. அதற்குள் இந்தக் கம்ப்யூட்டர் சோம்பல் முறித்து எழுந்து வேலைக்கு வரவேண்டும்.

இன்டர்வியூ விஷயம் மாமனாருக்குத் தெரியாது. ஏனென்றால், இருந்த வேலை போன விஷயமே அவருக்குத் தெரியாது.

ஆஸ்டினுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 'ஐ.டி. மாப்பிள்ளை' என்று சேலையூரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் தேவானந்தம் பெண்ணைக் கொடுத்தார். கொடைக்கானல் போய்த் திரும்பிய மறுநாளே கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. ஆஸ்டினின் உழைப்பைத் தாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் என்று பத்தி பத்தியாக எழுதிவிட்டு, கடைசி வரியில் இனி வரவேண்டாம் என்று முடித்திருந்தார்கள். அன்றைக்கே லேப்டாப்பையும் பிடுங்கிக்கொண்டார்கள். சொந்தமாக ஒரு லேப்டாப் வேண்டும் என்று அவனுக்கு அதுவரை தோன்றியதே கிடையாது. பஸ் டிரைவர் வீட்டில் தனியாக ஒரு பஸ்ஸா வாங்கி வைத்திருக்கிறார்?

விஷயம் தெரிந்த ஒரே ஜீவன் மனைவி ஹெப்சி. "வேற வேலை கிடைச்சதும் அப்பாகிட்ட சொல்லிக்கலாம்," என்று அவள்தான் சொன்னாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். எந்தக் கெட்ட செய்தியையும் மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துத்தான் பெற்றோரிடம் சொல்லவேண்டும் என்பது அவள் அனுபவம்.

அதிர்ஷ்டவசமாக, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. துரதிர்ஷ்டவசமாக, மறுவீட்டு விருந்து நடக்கிற சனிக்கிழமையாகப் பார்த்துக் கூப்பிட்டது. ஒரு சின்ன புரோகிராம் எழுதவேண்டும். பைத்தான் மொழியின் புத்தம்புதுப் பதிப்பில் எழுதி, சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டி, நாலு மணிக்கு வீடியோவில் காட்டவேண்டும். உயிர் நண்பன் ஃபயாஸ் லேப்டாப்பைக் கடன் வாங்கலாம் என்றால், அவன் கொழுந்தியாள் கல்யாணத்துக்கு லேப்டாப்போடு வாணியம்பாடி போய்விட்டான்.

காலையில் ஊரப்பாக்கத்திலிருந்து வந்து இறங்கியதும், "கொஞ்சம் ஆபீஸ் வேலை இருக்கு மாமா. லேப்டாப் சர்வீசுக்குப் போயிருக்கு. அதான் என்ன பண்றதுன்னு..." என்று ஆஸ்டின் மெல்ல ஆரம்பித்தான். வெளியே நழுவி, தாம்பரத்தில் எங்கேயாவது ஒரு கம்ப்யூட்டர் தேடலாம் என்பது அவன் திட்டம்.

தேவானந்தத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுக்கா மாப்பிள்ளை இவ்வளவு யோசனை? நம்ம கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு?" என்று அவனைக் கையோடு முன்னறைக்கு அழைத்துப்போனார். மூலையில் மேசை மேல், லேஸ் வைத்துத் தைத்த வெள்ளைத் துணிக்குள் ஏதோ உட்கார்ந்திருந்தது. கல்வெட்டைத் திறந்து வைக்கிற மந்திரிபோல் அவர் துணியை விலக்கினார். பெண் பார்க்க வந்த அன்று பார்த்த அதே பழைய கம்ப்யூட்டர்.

"உங்களுக்காகவே சர்வீஸ் பண்ணி வச்சிருக்கேன். இதுக்கு மெமரி கிடைக்காம ரிச்சி தெரு பூரா நானே அலைஞ்சேன். எந்தக் கடைக்குப் போனாலும் சிரிக்கிறானுங்க."

கடைக்காரர்கள் ஏன் சிரித்தார்கள் என்று ஆஸ்டினுக்குப் புரிந்தது. அவனுக்கு அழுகை வந்தது.

ஒருவழியாக 'வெல்கம்' முடிந்து திரை திறந்தது. நீல வானம், நாலு நிற ஜன்னல். விண்டோஸ் செவன். அதைச் செய்தவர்களே கைகழுவி வருடக்கணக்காகிறது. கீழே மூலையில் தேதி, 2009 ஜனவரி ஒன்று என்று காட்டியது.

"அது ஒண்ணுதான் மாப்பிள்ளை," என்றார் தேவானந்தம், கொஞ்சம் கூச்சத்துடன். "கரண்ட் போனா பழைய வருஷத்துக்குப் போயிடும். மத்தபடி தங்கம்."

தேதி தப்பாக இருந்ததால் எந்த வலைத்தளமும் கதவைத் திறக்கவில்லை. ஆஸ்டின் தேதியைத் திருத்தினான். இப்போது வலைத்தளங்கள், 'உங்கள் பிரவுசர் மிகப் பழையது' என்றன. ஓரளவு புதிய பிரவுசர் ஒன்றைத் தேடிப் போட்டான். அதற்குள் மாமியார் ரத்தினபாய் ஒரு தட்டில் முறுக்கு, அதிரசம், வாழைப்பழம் வைத்து எடுத்துவந்தாள்.

"சாப்பிட்டுக்கிட்டே செய்யுங்க மாப்பிள்ளை."

"இப்பதான அத்தை ஆப்பம் சாப்பிட்டேன்."

"அது டிபன். இது சும்மா."

தேவானந்தம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மருமகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயரானவர். எந்த மெஷின் ஓடினாலும் பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

"நல்லா ஓடுதா மாப்பிள்ளை?"

"அருமையா ஓடுது மாமா."

இதைக் கேட்டதும் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஓடுதாம்" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

ஆஸ்டின் புதிய பைத்தானை இறக்கினான். இரண்டு முறை சொடுக்கினான். 'இதைவிடப் புதிய விண்டோஸ் தேவை' என்று ஒரு பெட்டி வந்தது. எருமைமாட்டின் மேல் மழை பெய்ததுபோல் மறுபடி சொடுக்கினான். பெட்டி மறுபடி வந்தது.

ஆஸ்டின் பால்கனிக்குப் போய் ஃபயாசைக் கூப்பிட்டான்.

"மச்சான், விண்டோஸ் செவன்டா."

ஃபயாசுக்குப் பின்னால் பிரியாணி அண்டாவில் கரண்டி மோதுகிற சத்தம் கேட்டது.

"யாரோடது?"

"மாமனாரோடது."

"இன்னா லில்லாஹி," என்றான் ஃபயாஸ், இழவு செய்தி கேட்டவன்போல். "டேய், வேற மெஷினே கிடைக்கலியா? பக்கத்து வூட்ல கேளேன்."

"எப்படிடா கேக்கறது? உசுரா வச்சிருக்காரு. எனக்காக சர்வீஸ் வேற பண்ணிருக்காரு. ஒரு துணிய போட்டு மூடி வச்சிருந்தாரு பாரு, நாங்க பைபிளக்கூட அப்படி மூடறதில்ல. இதப் போயி வேணாம்னா மனுஷன் மனசு என்னா ஆவும்?"

"சரி, பழைய பைத்தான் போடு. செவன்ல ஓடும்."

பழைய பைத்தான் சமர்த்தாக ஏறிக்கொண்டது. ஆனால் அந்தக் கம்பெனி கேட்ட 'பேக்கேஜ்' என்ற பொட்டலத்தை அதன்மேல் ஏற்றப்போனால், 'எனக்குப் புதிய பைத்தான்தான் வேண்டும்' என்று அது அடம்பிடித்தது. பொட்டலத்தின் பழைய பதிப்பைப் போட்டான். அதற்குக் கம்பெனி அனுப்பிய மாதிரிக் கோப்பு புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்பதைப் பெண்வீட்டாரும் பெண்வீட்டார் கேட்பதை மாப்பிள்ளை வீட்டாரும் ஒப்புக்கொள்ளாத சம்பந்தம் மாதிரி விஷயம் இழுத்துக்கொண்டே போயிற்று.

பிரவுசருக்குள்ளேயே புரோகிராம் ஓட்டுகிற தளம் ஒன்றை ஃபயாஸ் அனுப்பினான். அது பாதி திறந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது, மின்விசிறிக்குப் போட்டியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னொரு வழி கீது மச்சான்," என்றான் ஃபயாஸ், மூன்றாவது அழைப்பில். "செவன்லயும் ஓடற மாதிரி புது பைத்தானத் தட்டி ஒட்டி எவனோ நெட்ல வுட்ருக்கான். லிங்க் அனுப்பறேன்."

தட்டி ஒட்டிய பைத்தானை ஆஸ்டின் போட்டான். நீளமான பெயருடைய ஒரு ஃபைலைக் காணோம் என்று அது புகார் சொன்னது.

தேவானந்தம் கண்ணாடியை மூக்கில் ஏற்றி அதைப் படித்தார். முகம் சுருங்கிற்று.

"என்னமோ காணோம்னு சொல்லுதே மாப்பிள்ளை?"

"ஒரு ஃபைல்தான் மாமா."

"நான் எதையும் எடுக்கலையே." அவர் எழுந்தே விட்டார். "ரத்தினம்! நீ கம்ப்யூட்டர்லருந்து எதாச்சும் எடுத்தியா?"

"நான் தூசி தட்றதோட சரி," என்றாள் ரத்தினபாய் உள்ளிருந்து. "ஜென்சியக் கேளுங்க."

ஜென்சி ஹெப்சியின் தங்கை. பி.காம். படிக்கிறாள். படிப்பு, பாட்டு, பரீட்சை முடிவு எல்லாம் அவளுக்குக் கைபேசியில்தான். கம்ப்யூட்டரை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

"நான் ஏன்ப்பா அந்தச் சனியனத் தொடப்போறேன்?" என்றாள் அவள்.

"ஏய்! வாய மூடு!" தேவானந்தம் பதறிப்போய் மருமகன் முகத்தைப் பார்த்தார். "சின்னப்பொண்ணு மாப்பிள்ளை. மனசுல வச்சுக்காதீங்க."

ஆஸ்டினுக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. ஒரு இயந்திரத்தின் மேல் மனிதருக்கு இவ்வளவு பாசமா? இதைப் போய்க் குறை சொன்னால் பாவம் வந்துசேரும் என்று நினைத்துக்கொண்டான்.

காணாமல்போன ஃபைலை இலவசமாகத் தருகிறோம் என்று ஒரு தளம் கூவி அழைத்தது. மேலும் கீழும் பளபளவென்று பெரிய பச்சைப் பொத்தான்கள். எந்தப் பச்சை நிஜம், எந்தப் பச்சை பொய் என்று தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் அவன் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஒன்றை அமுக்கினான்.

"சாப்பாடு எடுத்து வச்சாச்சு. மாப்பிள்ளைய கூட்டிட்டு வாங்க," என்று ரத்தினபாய் கூப்பிட்டாள்.

மட்டன் குழம்பு, கோழி வறுவல், மீன், அப்பளம், பாயசம். அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, தேவானந்தம் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். "அன்பின் ஆண்டவரே, எங்க வீட்டுக்குத் தங்கமான ஒரு பிள்ளையக் கொண்டுவந்து குடுத்தீங்க. அவர் வேலையில இன்னும் மேல மேல உயர்த்துங்க..."

ஆஸ்டின் இறுக மூடிய கண்ணுக்குள் கண்ணீர் முட்டியது. பக்கத்தில் ஹெப்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது முன்னறையிலிருந்து தபேலா, கிதார் முழங்க ஒரு பெண் குரல் வீடே அதிரக் கேட்டது: "வாங்க வாங்க! ரம்மி விளையாடலாம்! இன்னைக்கு நீங்கதான் ராஜா!"

தேவானந்தம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஆபீஸ் மீட்டிங்கா மாப்பிள்ளை?"

"ஆமா மாமா," என்றான் ஆஸ்டின். ஜெபம் சட்டென்று 'ஆமென்' ஆயிற்று.

கை கழுவிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருந்தது. திரை முழுக்கச் சீட்டுக்கட்டு ராணிகள். ஒன்றை மூடினால் இரண்டு வந்தார்கள். கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது.

ஹெப்சி கதவோரம் வந்து நின்றாள். "என்ன ஆஸ்டின், முடியுமா முடியாதா? எதிர்வீட்டுல லேப்டாப் இருக்கு. நான் வேணா போய்க் கேக்கறேன்."

"வேணாம் ஹெப்சி. உங்கப்பா இதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு. எதிர்வீட்டுலருந்து லேப்டாப் வந்தா அவருக்கு எவ்வளவு அவமானம்?"

"வேலை கிடைக்கலைன்னா அது அவமானம் இல்லியா?"

இந்த வேலையும் இல்லையென்றால், மாமனார் ஊரெல்லாம் சொன்ன 'ஐ.டி. மாப்பிள்ளை' வெறும் மாப்பிள்ளை. அவன் மறுபடி ஃபயாசைக் கூப்பிட்டான்.

"விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் போட்ரு," என்றான் ஃபயாஸ். அவன் இப்போது பந்தியில் இருந்தான், வாயில் பிரியாணி இருந்தது. "பென்டிரைவ்லருந்தே ஓட்டலாம். மெஷின்ல கை வைக்க வேணாம். மாமனார் விண்டோஸ் மாமனாருக்கு, உன் லினக்ஸ் உனக்கு."

காலையிலிருந்து அவன் சொன்னதில் இது ஒன்றுதான் உருப்படியான யோசனை. ஜென்சி டி.வி.யில் செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். "கல்யாண வீடியோ இருக்கு அத்தான், பாத்து."

ஆஸ்டின் பொறுப்பான பிள்ளை. முதலில் கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக நகல் எடுத்து வைத்தான். அது ஏறுவதற்குள் ரத்தினபாய் காபி, முந்திரிக்கொத்து, நறுக்கிய மாம்பழம் என்று மூன்று தடவை வந்துபோனாள். பிறகு பென்டிரைவை அழித்து லினக்சை அதில் ஏற்றி, கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பினான்.

எழுந்தது! ரம்மி ராணிகள் இல்லை. 'வெல்கம்' இல்லை. உள்ளே புதிய பைத்தான் தயாராக உட்கார்ந்திருந்தது. கம்பெனி கேட்ட பொட்டலம் முனகாமல் ஏறியது. ஆஸ்டினின் விரல்கள் பறந்தன. மணி மூன்று அடிப்பதற்குள் புரோகிராம் முடிந்து, ஓடி, சரியான விடையையும் காட்டிவிட்டது.

"நல்லா ஓடுதா மாப்பிள்ளை?"

"நிஜமாவே நல்லா ஓடுது மாமா!"

அந்த நொடியில் கரண்ட் போயிற்று.

மூன்றரைக்குத் திரும்பி வந்தபோது தேதி 2009. பென்டிரைவிலிருந்து ஓடுகிற லினக்சுக்கு ஞாபகசக்தி கிடையாது. எழுதிய புரோகிராம் போன இடம் தெரியவில்லை. ஆஸ்டின் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். தேவானந்தம் ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினார். அங்கே யாரும் எடுக்காததால் யாரிடமும் இல்லாமல் கத்தினார்.

"உள்ளயே இன்ஸ்டால் பண்ணிரு," என்றான் ஃபயாஸ். "விண்டோசுக்குப் பக்கத்துலயே போடலாம். அப்புறம் கரண்ட் போனாலும் இருக்கும். கேள்வி கேக்கும், படிச்சுப் பாத்து அமுக்கு."

ஆஸ்டின் படித்துப் பார்த்துத்தான் அமுக்கினான். எந்த மொழி? எந்த ஊர்? கடைசியில் ஒரு கேள்வி வந்தது. விண்டோசுக்குப் பக்கத்தில் இடம் இல்லை, கல்யாண வீடியோ அடைத்துக்கொண்டிருக்கிறது. 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடட்டுமா?'

வேண்டாம் என்று பின்னால் போக அவன் எலியை நகர்த்தினான். எலி நகரவில்லை. பழைய எலி. அதைத் தூக்கிக் கவிழ்த்துத் தட்டினான்.

"என்டர் அடிக்கணுமா மாப்பிள்ளை?" என்றார் தேவானந்தம். காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சி அவருக்கு. "நீங்க எலியப் பாருங்க. நான் அடிக்கிறேன்."

அவர் விரல் கீழே இறங்குவதை ஆஸ்டின் பார்த்தான். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாலி கட்டி ஒரு மாதம் ஆகாத மருமகன், மாமனார் மணிக்கட்டை எப்படிப் பிடிப்பான்? "மா..." என்று ஆரம்பித்தான். அது "மாமா" ஆவதற்குள் என்டர் அடிபட்டுவிட்டது. நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் இன்னொரு தடவை கேட்டது. தேவானந்தம் அதற்கும் ஒன்று அடித்தார்.

"அவ்வளவுதான," என்று கையைத் தட்டிக்கொண்டார். "இதுக்குப் போயி."

திரையில் ஒரு கோடு நகரத் தொடங்கியது. தேவானந்தத்தின் விண்டோஸ், அவர் சேர்த்து வைத்த படங்கள், பாட்டுகள், அப்புறம் கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அவர் கையாலேயே அழித்துவிட்டார் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கோடு பாதியைக்கூடத் தாண்டவில்லை. கைபேசி அடித்தது. மணி நாலு.

"ஹலோ ஆஸ்டின், நான் கீதா. ரெடியா இருக்கீங்களா? ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க."

"மேடம், ஒரு சின்ன பிராப்ளம். இன்ஸ்டால் ஆயிட்டிருக்கு. இப்ப முடிஞ்சிடும்." கைபேசிக் கேமராவைத் திரைக்குத் திருப்பினான்.

"எது இன்ஸ்டால் ஆயிட்டிருக்கு?"

"ஆபரேட்டிங் சிஸ்டம் மேடம்."

கீதா மேடம் நகருகிற அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தாள். அதற்குள் கேமராவுக்குள் ஒரு வழுக்கைத் தலை நுழைந்து முழு முகமாயிற்று.

"வணக்கம் மேடம்! நான் தேவானந்தம், ஆஸ்டினோட மாமனார். லீவு நாள்லகூட எங்க மாப்பிள்ளை காலையிலருந்து உங்க வேலையத்தான் பாக்கறாரு. நீங்க அவர் மேனேஜரா?"

"இல்ல சார். நான் இன்டர்வியூ எடுக்கறேன்."

"இன்டர்வியூவா? யாருக்கு?"

"ஆஸ்டினுக்குத்தான் சார். வேலை இல்லாம இருக்கறதா ரெஸ்யூம்ல போட்டிருந்தாரே."

சமையலறையில் குக்கர் மட்டும் ஒரு விசில் விட்டது.

"ஆஸ்டின்," என்றாள் கீதா மேடம், கொஞ்சம் இரக்கத்தோடு. "இன்னைக்கே முடிவு பண்ணணும். இன்னும் ரெண்டு பேர் ஓட்டிக் காட்டிட்டாங்க. நாங்க பாத்துட்டு சொல்றோம்." பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று பெண் பார்க்கப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். அழைப்பு நின்றது.

கோடு முழுவதும் நிரம்பி, 'வெற்றிகரமாக முடிந்தது' என்று திரை சொன்னது.

ஆஸ்டின் எழுந்து நின்றான். மாமனார், மாமியார், கதவோரம் ஜென்சி, முகத்தை மூடிக்கொண்ட ஹெப்சி. இனி ஒளிக்க எதுவும் மிச்சமில்லை.

"மன்னிச்சிருங்க மாமா. கொடைக்கானல்லருந்து வந்த மறுநாளே வேலை போயிடுச்சு. உங்ககிட்ட சொல்ல தைரியம் வரல. லேப்டாப் சர்வீசுக்குப் போகல, அவங்களே வாங்கிக்கிட்டாங்க. இன்னைக்கு இது கிடைச்சதும் சொல்லிடலாம்னு இருந்தேன். அதுவும் போச்சு." கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினான். "உங்க கம்ப்யூட்டரும் போச்சு மாமா. நீங்க என்டர் அடிச்சது, எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு அது கேட்டதுக்கு. கல்யாண வீடியோவும் அதுலதான் இருந்தது. நீங்க உயிரா வச்சிருந்த மெஷின். உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் காலையிலருந்து இதோட மல்லுக்கு நின்னேன். கடைசில நானே அதைக் கொன்னுட்டேன்."

"கல்யாணம் யூடியூப்ல இருக்கு மாப்பிள்ளை," என்றாள் ரத்தினபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "லைவ்ல விட்டோம்ல. அழாதீங்க, காபி கொண்டாரேன்."

தேவானந்தம் மருமகன் பக்கம் திரும்பினார்.

"வேலை போறதும் வர்றதும் இருக்கறதுதான் மாப்பிள்ளை. ரயில்வேக்கு முன்னாடி நான் எத்தன இடத்துல நின்னிருக்கேன்," என்றார் மெதுவாக. பிறகு அவர் குரல் மாறிற்று. "ஆமா, நீங்க என்ன சொன்னீங்க? நான் உயிரா வச்சிருந்த மெஷினா?"

"ஆமா மாமா."

"என் மனசு நோகக்கூடாதுன்னா?"

"ஆமா மாமா."

அவர் மனைவியைப் பார்த்தார். ரத்தினபாய் கூரையைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. புது லேப்டாப் ஒண்ணு கையில இருந்திருந்தா, இன்னைக்கு இந்த வேலை கிடைச்சிருக்குமா?"

"கண்டிப்பா கிடைச்சிருக்கும் மாமா. காபி குடிக்கிற நேரத்துல முடியற வேலை."

தேவானந்தம் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். லேஸ் வைத்த வெள்ளைத் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துணிக்குள்ளிருந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

ஆஸ்டின் பதறிப்போய், "என்னாச்சு ஜென்சி? மாமாவுக்கு என்ன?" என்றான்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இதப் பாத்து, 'இந்த மாதிரி மெஷின்லாம் இப்ப எங்க அங்கிள் கிடைக்குது, இருந்தா இப்படி ஒண்ணு இருக்கணும்'னு நீங்க ஆசையா சொன்னீங்களே அத்தான்," என்றாள் ஜென்சி, "அதக் கேட்டுத்தான் அப்பா, உங்களுக்குன்னு வாங்கி வச்சிருந்த புது லேப்டாப்பைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு, காயலாங்கடைக்குப் போட இருந்த இந்தச் சனியனத் துணி தச்சு மூடி வச்சாரு!"